மார்கழியில் ஒரு தீவு

தீவு என்றதும் நம் கண்முன் என்ன தோன்றுகிறது? நீலக்கடல், வெண்மணல், தென்னை மரம், மேலே பளபளக்கும் சூரியன்! நாட்காட்டிப் படங்களில் மழை பெய்யும் தீவை நான் கண்டதே இல்லை. இராமேசுவரம் தீவுக்கு ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களில் பலர் பார்த்துத் திரும்புவதும் அந்த வெயில் தீவைத்தான். அதே தீவின் கிராமப்புறத்தை, கோடை விடுமுறைக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத மார்கழி மாதத்தில், வாடைக்காற்றும் மழையுமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கடந்த அரையாண்டு விடுமுறையில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

என் தந்தையின் சொந்த ஊர் தங்கச்சிமடம். பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. சேதுவுக்குப் போகும் யாத்திரிகர்கள் தங்குவதற்கு இருந்த மடங்களால் வந்த பெயர்கள் அவை. என் அப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் ஊருக்குப் போவதெல்லாம் மே மாதத்தில்தான். இம்முறை மார்கழியில் போனதற்குக் காரணம் உண்டு. ஊரில் அப்பத்தாவின் பெயரில் அறுபது சென்ட் மணல் தோட்டம் இருக்கிறது. அதை ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். தங்கும் விடுதி கட்டப் போகிறாராம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா இரண்டு முறை திருப்பிக் கேட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால், அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களையும் அழைத்துச் சென்றார்.

"இந்த மழையில் அங்கே போய் என்ன பார்க்கப் போகிறீர்கள்?" என்று எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. செய்தித்தாளில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதுதானே செய்தி!

டிசம்பர் 23ஆம் தேதி இரவு சென்னையில் ரயில் ஏறினோம். இந்தப் பாதைக்கு ஒரு பழம்பெருமை உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் ஒரே பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கும், பின் மீண்டும் ரயிலில் கொழும்புக்கும் போவார்களாம். "போட் மெயில்" என்ற பெயர் அதனால் வந்ததுதான். நடுவில் சில ஆண்டுகள் தீவுக்கு ரயிலே இல்லாமல் இருந்தது. பழைய பாலம் வலுவிழந்ததால் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளைத் தூக்கிக் கும்பிடுவது போல் பிரியும். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. அழகில் எனக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது.

நாங்கள் பாலத்தைக் கடந்தபோது பொழுது சரியாக விடியவில்லை. மே மாதத்தில் இங்கே எல்லோரும் ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அன்று எங்கள் பெட்டியில் பாதிப்பேர் போர்வைக்குள் இருந்தார்கள். மற்றவர்கள் கறுப்பு வேட்டி அணிந்த ஐயப்ப பக்தர்கள். சபரிமலை சென்று திரும்புகிறவர்கள் இராமேசுவரமும் வருவதால் கோயிலில் மார்கழியிலும் கூட்டம் குறைவதில்லை. (ஆகவே யாரும் இல்லாத கோயிலைப் பார்க்கலாம் என்று எண்ணி மார்கழியில் போகாதீர்கள்!) ஆனால் அந்தக் கூட்டம் கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறது. ஊர்ப்பக்கம் யாரும் வருவதில்லை.

பாலத்தின் மேல் ஒரு வேடிக்கை கண்டேன். இடப்பக்கக் கடல் சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கக் கடலோ கொஞ்சம் அடங்கிக் கிடந்தது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் "பெண் கடல்" என்றும் தென்கடலை "ஆண் கடல்" என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். சோழகம் என்னும் தென்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். மே மாதத்தில் மட்டும் வந்த எனக்குத் தென்கடலின் கோபந்தான் பழக்கம். அமைதியாக இருக்கும் பெண் கடல் இப்படிச் சீறுவதை அன்றுதான் பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பாட்டி, "அதுக்கும் ஒரு காலம் வரணுமில்லே" என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டு வாசலில் அப்பத்தா கோணிப்பையைத் தலையில் கொக்கியாகப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "வந்துட்டீகளா! பிள்ளை நனைஞ்சு போச்சே" என்று என் தலையைத் தன் முந்தானையால் துவட்டினார். உள்ளே அடுப்பில் பனங்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் நாங்கள் போனால் நுங்கு வெட்டித் தருவார்கள். பனங்கிழங்கு இந்த மாதத்தில்தான் தோண்டி எடுப்பது. சூடாக நாரை உரித்து, உப்பும் மிளகும் தொட்டுத் தின்றால் அதற்கு நிகரான பலகாரம் எங்கள் அம்பத்தூர்க் கடைத்தெருவில் இல்லை. மீன் மட்டும் இல்லை. நான்கு நாளாகப் படகுகள் கடலுக்குப் போகவில்லை. மதியம் கருவாட்டுக் குழம்புதான். சித்தப்பாவின் நாட்டுப்படகு கரையேறி உடைமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் இரண்டு ஆடுகள் நின்றுகொண்டிருந்தன.

மழை சற்று விட்டதும் தோட்டத்துக்குப் போனேன். தோழிகளே, நீங்கள் தலையில் சூடும் மல்லிகைக்கும் எங்கள் ஊருக்கும் உறவு உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. ஆனால் அந்தப் பூந்தோட்டங்களுக்கு மல்லிகை நாற்று நெடுங்காலமாகத் தங்கச்சிமடத்துப் பக்கத்திலிருந்து போகிறது. இங்குள்ள மணலில் வேர் எளிதில் இறங்குகிறது. முற்றிய கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, மணல் பாத்தியில் நெருக்கமாக ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் பிடித்து நாற்றாக மாதங்கள் ஆகும். பிறகு பிடுங்கிக் கட்டுக்கட்டாகக் கட்டி வண்டியேற்றுவார்கள். மே மாதத்தில் நான் பார்த்ததெல்லாம் ஓரங்களில் மிஞ்சிய தாய்ச்செடிகளும் அவற்றின் பூவுமே. இப்போது பூ மருந்துக்கும் இல்லை. ஆனால் பாத்தி பாத்தியாக விரல் நீளத்தில் பச்சைத் துளிர்கள்! எண்ணத் தொடங்கி எண்ணூறோடு நிறுத்திவிட்டேன்.

தோட்டத்தின் நடுவில் கிணறு. உறை இறக்கிய சிறு கிணறு. அதில் முழத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிறு தொங்கும். மே மாதத்தில் எட்டாவது முடிச்சுக்குக் கீழே தண்ணீர் ஒரு வட்டக் கண்ணாடித் துண்டு போல் தெரியும். அப்பத்தா பொறுமையாகச் சுரக்கவிட்டு இறைப்பார். இப்போது எட்டிப் பார்த்தேன். இரண்டாவது முடிச்சு நனைந்திருந்தது! விளிம்பில் மண்டியிட்டுச் செம்பை நீட்டினால் மொண்டுவிடலாம் போலிருந்தது. வாயில் ஊற்றிக்கொண்டேன். நூற்றைம்பது அடி தூரத்தில் கடல் இரைகிறது. தண்ணீரோ இளநீர் போல் இனிக்கிறது.

எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. இராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பதும், கடற்கரைக்கு அத்தனை அருகிலிருந்தும் அவை உப்பாக இல்லாததும் எல்லோருக்கும் தெரியும். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டியே குடிநீர் எடுப்பதையும் பார்த்திருக்கிறோம். காரணம் என்ன? பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து விளக்கினார்.

தீவுக்கு அடியில் மணலுக்குள்ளும் கடல்நீர்தான் இருக்கிறது. மேலே பெய்யும் மழை மணலில் இறங்கி அந்த உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஏனெனில் நன்னீர் எடை குறைவு. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோகிராம் என்றால், கடல்நீர் சுமார் 1,025 கிலோகிராம். இந்த 25 கிலோகிராம் வேறுபாட்டில்தான் தீவின் உயிர் இருக்கிறது! 1,000ஐ 25ஆல் வகுத்தால் 40. அதாவது, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் தங்கும். நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து, ஒரு பூதக்கண்ணாடி வில்லை போல் அது இருக்கும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கும்படி தண்ணீரை இறைத்துவிட்டால், நாளடைவில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். ஆழ்குழாய் போட்டு வேகமாக உறிஞ்சினால் குழாயின் நேர்கீழே உப்புநீர் கூம்பாக மேலெழுந்து வரும். ஒருமுறை உப்பேறிய மணல் மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும். நம் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960களின் இறுதியிலேயே இப்படிக் கடல்நீர் நிலத்தடிக்குள் புகத் தொடங்கி, பிறகு பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதையும் சிஸ்டர் சொன்னார்.

அந்த வில்லையை நிரப்புவது எது? இராமநாதபுரம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதுதான். மே மாதத்தில் நான் குடித்த ஒவ்வொரு செம்புத் தண்ணீரும் யாரும் வராத இந்த மாதங்களில் வானம் போட்டு வைத்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கு உண்டுதான். ஆனால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நாற்றுப் பாத்திக்கு யார் ஊற்ற முடியும்?

இனி ஊரில் நடந்ததற்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்குப் போகும்போது மின்சாரம் நின்றுவிட்டது. கோயில் முற்றத்தில் மழைநீர் கணுக்கால் வரை. அவரவர் கையில் டார்ச்சும் மெழுகுவர்த்தியும். குடிலில் வைத்திருந்த வைக்கோல் நனைந்து, குழந்தை இயேசுவைப் பெரியவர் ஒருவர் தம் துண்டின் மேல் கிடத்தினார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஜூலையில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வெளியூர்களிலிருந்தும் வந்து குவிவார்கள். அன்றோ இருந்தவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும். யார் வீட்டுப் பிள்ளை எந்தக் குரலில் பாடுகிறது என்று இருட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டுகள் குடைக்கடியில் நடந்தன.

26ஆம் தேதி தனுஷ்கோடிக்குப் போனோம். வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பத்துப் பதினைந்து பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. குளிர்காலத்தில்தான் அவை இங்கே வரும். 2025 ஜூனில் தமிழக அரசு அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. இந்தப் பறவைகளும் கோடைக்காரர்களைச் சந்திக்க விரும்பவில்லை போலும்!

இடிந்த தேவாலயத்தின் பவளப்பாறைச் சுவர்களுக்கு அருகில் அப்பத்தா நெடுநேரம் பேசாமல் நின்றார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயலும் கடல் பெருக்கும் தனுஷ்கோடி ஊரையே கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், நிலையத்தை அடையுமுன்னே நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் மூழ்கியது. அப்போது அப்பத்தாவுக்கு ஒன்பது வயது. அவருடைய பெரியப்பா தனுஷ்கோடித் துறையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தவர். அவர் திரும்பவில்லை. "ஒவ்வொரு மார்கழியிலும் இந்தக் காத்து அடிக்கையிலே எனக்கு நெஞ்சு படபடங்கும். ஆனா காத்து வரலைன்னா மழை இல்லே. மழை இல்லேன்னா கிணறு இல்லே. எதைத் தாயி வேண்டாம்னு சொல்றது?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தோட்டத்தை விலை கேட்டவர் தரகரோடு வந்தார். அவர் கார் தெருமுனை மணலில் புதைந்துவிட, சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் தள்ளினார்கள். அவர் நல்ல மனிதர்தான். வந்தவுடன் அப்பத்தாவை "அம்மா" என்று கும்பிட்டார். இடத்தைச் சுற்றிப் பார்த்து, "மே மாதத்தில் பார்த்தபோது இன்னும் அழகாக இருந்தது" என்றார். அப்பத்தா அவருக்குக் கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"எத்தனை அறை கட்டப் போறீக?"

"இருபது அறை, அம்மா."

"தண்ணிக்கு?"

"இங்கேயே ஆழ்குழாய் போட்டுக்கொள்வோம்."

அப்பத்தா என்னைப் பார்த்து, "ஏத்தா, நீதான் கணக்குப் படிக்கிற பிள்ளையாச்சே, இருபது அறைக்கு எத்தனை குடம்னு போடு" என்றார். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுவதைப் படித்திருக்கிறேன். அறைக்கு இரண்டு பேர் என்றால் நாற்பது பேர். 5,400 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் வீதம் 360 குடம். அப்பத்தா கோடையில் பாத்திக்கும் வீட்டுக்கும் சேர்த்து இறைப்பது அறுபது குடம். அதற்கே மே மாதத்தில் எட்டாவது முடிச்சு காய்ந்துபோகிறது. நான் தொகையைச் சொன்னதும் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. வந்தவர், "லாரியிலும் வாங்கிக்கொள்ளலாம், அம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

லாரித் தண்ணீர் என்றதும் எனக்கு 2019 ஜூன் நினைவுக்கு வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். சென்னையின் ஏரிகள் வறண்டு, எங்கள் தெருவில் வண்ண வண்ணக் குடங்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கும். லாரிச் சத்தம் கேட்டதும் அம்மா என்னை வரிசையில் நிறுத்திவிட்டு அடுத்த குடத்துக்கு ஓடுவார்கள். அந்த லாரிகள் எந்தக் கிராமத்துக் கிணற்றிலிருந்து வந்தன என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். சித்தப்பாவுக்குப் படகு இயந்திரத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் வருமானம் இல்லை, வட்டி மட்டும் ஏறுகிறது. "கிணத்துத் தண்ணி இனிச்சா கடன் அடைஞ்சிருமா, அண்ணே? நீங்க ஊர்ல மாசச் சம்பளம் வாங்குறீக. நான் காத்து நிக்குற வரைக்கும் கரையில உக்காந்திருக்கேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சித்தி ஒன்றும் பேசாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கூரையில் மழை இரைந்தது. எனக்குச் சித்தப்பாவின் பக்கமும் அழுகை வந்தது, அப்பத்தாவின் பக்கமும் அழுகை வந்தது. இந்த மாதிரி வழக்கில் நீதிபதியாக இருப்பவர்கள் எப்படித்தான் தூங்குகிறார்களோ!

கடைசியில் அப்பத்தாதான் ஒரு வழி சொன்னார். "மார்கழிக் கிணத்தைப் பார்த்துட்டுப் போயிருக்காரு. வைகாசிக் கிணத்தையும் அந்த மனுஷன் பார்க்கட்டும். எத்தனாவது முடிச்சுன்னு அவரே எண்ணட்டும். அதுக்கப்புறமும் வேணும்னா பேசுவோம்." அதுவரை சித்தப்பாவின் வட்டியை அப்பா கட்டுவதாக ஏற்றுக்கொண்டார். திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்க என்று மாதாமாதம் சேர்த்து வந்த பணத்திலிருந்துதான் அதைக் கொடுக்க வேண்டும். அம்மாவின் முகம் சிறுத்துப் போயிற்று. ஆனால் மறுக்கவில்லை. வாடகை வீட்டில் இன்னும் சில ஆண்டுகள் இருப்போம் என்று நானும் புரிந்துகொண்டேன்.

மழைக்காலத்தில் தீவுக்குப் போன புகழ்பெற்ற விருந்தாளி ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புனித பவுலைத்தான் சொல்கிறேன். அப்பத்தா இன்னும் "சின்னப்பர்" என்றே சொல்வார். கைதியாக ரோமைக்குக் கொண்டுபோகப்பட்டபோது, குளிர்காலப் புயலில் கப்பல் உடைந்து, 276 பேரும் மத்தியதரைக் கடலிலுள்ள மால்தா தீவில் கரையேறினார்கள். மழையும் குளிருமாக இருந்ததால் தீவு மக்கள் தீ மூட்டி அவர்களை வரவேற்றதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. மூன்று மாதம் அங்கே தங்கிவிட்டு, குளிர்காலத்தை அங்கேயே கழித்த வேறொரு கப்பலில் புறப்பட்டார்களாம். அப்படியானால் அவர்கள் குடித்ததும் மழைக்காலத் தண்ணீர்தானே! சிஸ்டர் இதைக் கேட்டு மகிழ்ந்து, மால்தாவின் இன்றைய நிலையையும் சொன்னார். அங்கே ஆறு கிடையாது. கோடையில் மழையும் கிடையாது. பெய்வதெல்லாம் குளிர்காலத்தில்தான். அதன் அடியிலும் எங்கள் தங்கச்சிமடத்தைப் போலவே ஒரு நன்னீர் வில்லை மிதக்கிறது, மணலுக்குப் பதில் சுண்ணாம்புப் பாறையில். 2024இல் அந்தச் சிறு நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 30 இலட்சத்துக்கும் மேல். கிணற்று நீர் போதாமலும் உப்பேறியும் போனதால் 1980களிலிருந்து கடல்நீரையே ஆலைகளில் உப்பு நீக்கிக் குடிக்கிறார்கள். இப்போது அவர்கள் குழாயில் வருவதில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீர்தான். செல்வ நாடு, செய்ய முடிகிறது. எங்கள் அப்பத்தாவால் ஆலை வைக்க முடியுமா?

புறப்படுகிற அன்று வெயில் அடித்தது. எட்டு நாளில் முதல் வெயில்! ஊரே துணி காயப்போட்டது. படகுகளின் மேலிருந்த ஆடுகளை விரட்டிவிட்டு ஆட்கள் இயந்திரத்தைத் துடைத்தார்கள். சித்தப்பா காலையிலேயே தென்கடலுக்குப் போய்விட்டதால் அவரிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. எங்களுக்காக அப்பத்தா ஈரச்சாக்கில் பத்து மல்லிகை நாற்றுக் கட்டிக் கொடுத்தார். அம்பத்தூர் மண் களிமண்ணாகையால் மணல் கலந்து தொட்டியில் வைத்தோம். நான்கு பட்டுவிட்டன. ஆறு துளிர்விட்டிருக்கின்றன.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் அப்பத்தாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். சாப்பாடு, உடம்பு, ஆடு எல்லாம் விசாரித்த பிறகு கிணற்றுக்கு வருவோம். அறிவியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வருகிறேன். பொங்கலுக்கு இரண்டாவது முடிச்சுக்குச் சற்றுக் கீழே. பிப்ரவரி முதல் ஞாயிறு மூன்றாவது முடிச்சு. போன ஞாயிறு கேட்டபோது, "மூணரை. நாத்து முதல் கட்டு வண்டி ஏறிருச்சு. சித்தப்பனுக்கு நகரை மீன் நல்லாப் பட்டிருக்கு. வை, பாத்திக்குத் தண்ணி ஊத்தணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு